மலைக்கு எந்த டெஸ்க்டாப்

"மேடம், இந்த ஏழுல எதுங்க நல்லது?"

கேட்டவர் அவிநாசியப்பன், வயது ஐம்பத்திரண்டு. பதில் சொல்ல வேண்டியவள் ஹசீனா, வயது முப்பது. கோவையில் இருவரும் வேலை பார்க்கும் நிலச்சரிவு எச்சரிக்கை அலுவலகத்தில் அவளைத்தான் குரு என்பார்கள். அவளுக்கு அந்தப் பெயர் பிடிக்காது. அதனாலேயே அது ஒட்டிக்கொண்டது.

அவர் நீட்டிய தாளில் ஏழு லினக்ஸ் டெஸ்க்டாப்புகள், அதாவது கணினித் திரைக்கு ஏழு விதத் தோற்றங்கள், ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண்.

நிலச்சரிவு மேப்பை வைத்திருக்கும் பெரிய கணினியான சர்வர் இருப்பது கீழே கோவையில். அதில் வேலை பார்ப்பவள் லிங்கம்மா, மேலே கோத்தகிரிப் பக்கம் ஒரு சின்ன நிலையத்தில். சர்வரின் திரை இணையம் வழியாக அவள் கணினிக்குப் போய்ச் சேர வேண்டும். மலையில் இணையம் மனசு வைத்தால்தான் வரும்.

இரண்டு முறை டெஸ்க்டாப் மாற்றியாகிவிட்டது. இரண்டும் அங்கே நகரவில்லை. மூன்றாவதும் இப்படியே என்றால் பழைய காகித மேப்பையே பார்த்துக்கொள்கிறோம் என்று மலை நிலையத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. இன்னும் பத்து நாளில் மழை. இந்த வருஷம் எந்தச் சரிவு இளகியிருக்கிறது என்று பழைய காகிதத்துக்குத் தெரியாது. அவிநாசியப்பனுக்குச் சோறு இறங்கவில்லை.

"எங்க வச்சு சோதிச்சீங்க சார்?"

"இங்கதாங்க, சர்வருக்குப் பக்கத்துலயே உட்கார்ந்து. ஏழும் பறக்குதுங்க."

ஹசீனா ஒரு பென்சிலையும் வெள்ளைத்தாளையும் எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் அவருடைய ஃபோன் அடித்தது.

"சார், நீங்க சர்வர். நான் லிங்கம்மா. உங்க திரையில தெரியறதைச் சொல்லுங்க, நான் வரையறேன். எது மாறினாலும் சொல்லணும். ஒண்ணும் விடக்கூடாது."

இவ்வளவுதானா என்று நினைத்தார் அவர். அதிக மதிப்பெண் வாங்கியதைத் திறந்தார்.

"பின்னால ஒரு அருவிங்க. பக்கத்துல பாறை."

"எத்தனை பாறை?"

"பதினாலு. மேல பாசி இருக்குதுங்க. அப்புறம் ஜன்னல் ஒண்ணு, கண்ணாடியாட்டம். அது வழியாவும் அருவி தெரியுது. ஓரத்துல நிழல். இப்ப மெனுவை அமுத்தறேன். வருதுங்க. கொஞ்சம் வந்திருச்சு. பாதி. முக்கால்..."

மூச்சு வாங்கியது. கால் மணி நேரம் கத்திவிட்டு, எழுந்து போய் அவள் தாளை எட்டிப்பார்த்தார். ஒன்பது பாறை இருந்தது.

"மெனு எங்கங்க மேடம்?"

"இன்னும் வந்து சேரல சார். நான் ஒன்பதாவது பாறையில இருக்கேன்."

அவர் தன் அறைக்குத் திரும்பினார். தாளில் கடைசியில் கிடந்ததைத் திறந்தார். அழகுக்கு அதற்கு சைபர் போட்டிருந்தவர் அவரேதான். நிழல், அசைவு என்று மிச்சம் இருந்ததையும் அணைத்தார்.

"சாம்பல் கலருங்க. கீழ ஒரு பட்டை. நடுவுல மேப். அவ்வளவுதான்."

"வரைஞ்சாச்சு சார். நான் டீ குடிக்கப் போறேன்."

அன்றே அதை லிங்கம்மாவுக்குப் போட்டுக்கொடுத்தார். போட்டாரே தவிர மனசு ஒப்பவில்லை. டீக்கடையில் போய்ப் புலம்பினார்.

"மொட்டையா இருக்குதுங்களே மேடம். அந்தம்மா என்ன நினைக்கும்?"

"அவங்களையே கேளுங்க. இப்ப வேண்டாம், மழை வரட்டும்."

மழை வந்தது. இரண்டு நாள் விடாமல் பெய்தது. மூன்றாம் நாள் காலை அவரே பயந்துகொண்டு மலைக்கு ஃபோன் போட்டார்.

"லிங்கம்மா, டெஸ்க்டாப் எப்படிங்க இருக்குது?"

"எதுங்க சார்?"

"புதுசா மாத்தினேனுங்களே. உங்க திரையில இருக்குமே."

"திரையில மேப்தாங்க சார் இருக்கு. தேயிலைத் தோட்டத்துக்கு மேல நேத்து ராவுல மேப்ல சரிவு சிவப்பாயிடுச்சு. கீழ இருந்த நாலு வீட்டையும் விடியறதுக்குள்ள காலி பண்ணிட்டோம். ஆளுங்க எல்லாம் ஸ்கூல்ல இருக்காங்க. கூடவே தூக்கிட்டு வந்த கோழி ஒண்ணுதான் கைக்குச் சிக்க மாட்டேங்குது, இந்த ரூமையே சுத்திச் சுத்தி ஓடுது. ஆமா, நீங்க என்னமோ கேட்டீங்களே சார்?"

அவிநாசியப்பன் வாய்விட்டுச் சிரித்தார்.

"ஒண்ணுமில்லீங்க. நீங்க கோழியைப் பிடிங்க."