போர்வை போட்டவர் வாக்கு

எங்கள் மலையில் மார்கழி வந்தால் மேகம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். பக்கத்தில் இருப்பவர் முகம் தெரியாது, குரல் மட்டும் கேட்கும். அந்த மாதம் முழுக்க எங்கள் குரு வடிவம்மை பேச மாட்டார். மேல்குகைக்குப் போய்க் கண்ணை மூடி உட்கார்ந்துவிடுவார்.

குரு பேசாவிட்டால் மடம் நடக்க வேண்டாமா? அதற்கு ஒரு வழக்கம் வைத்திருந்தோம். அம்மை தம் காவிப் போர்வையைச் சீடர் ஒருவர் தோளில் போட்டுவிட்டுப் போவார். அதைப் போட்டிருப்பவர் சொன்னால் அம்மையே சொன்ன மாதிரி. உலையில் உப்புப் போடச் சொன்னாலும் சரி, ஊரைவிட்டே போகச் சொன்னாலும் சரி, ஏன் என்று யாரும் கேட்பதில்லை.

அந்த வருஷம் போர்வை ஏகாம்பரத்தின் தோளுக்கு வந்தது. அம்மையைவிட வயதில் மூத்த சீடர். அரண்மனையில் நியாயம் தீர்த்துக்கொண்டிருந்துவிட்டு இங்கே வந்தவர். கெட்ட மனிதர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். ஆனால் எதையும் சோதித்துப் பார்க்காமல் விட மாட்டார். பாலில் தண்ணீர் இருந்தால் பசுவைக் கூப்பிட்டு விசாரிக்கிற ஆள்.

தை பிறந்தது. அம்மை குகையிலிருந்து இறங்கி வந்தார். ஏகாம்பரம் எதிரே ஓடிப்போய்க் காலில் விழுந்து, போர்வையை மடித்துக் கொடுத்தார். முகமெல்லாம் பூரிப்பு.

“அம்மா, ஒரு பெரிய உண்மையைக் கண்டுபிடிச்சுட்டேன்.”

“சொல்லுங்க.”

“நம்ம ஆளுங்க எறும்பைக்கூட மிதிக்க மாட்டாங்க. அவங்களையே ‘குரு வாக்கு’ன்னு சொல்லிக் கொடுமை செய்யச் சொன்னா செய்வாங்களா? ரொம்ப நாளா எனக்கு இந்தக் கேள்வி. சோதிச்சுப் பார்த்துட்டேன்.”

அவர் சோதித்த விதத்தை நானே சொல்லிவிடுகிறேன். அவரைச் சொல்ல விட்டால் அடுத்த மார்கழி வந்துவிடும்.

சுனைக்குக் கீழே ஒரு குகை அறை இருக்கிறது. சுனைத் தண்ணீரை அதற்குள் விட ஒரு மதகு, மதகுப் பலகையைத் தூக்க ஒரு சங்கிலி. ஏகாம்பரம் ஒவ்வொருவராக அங்கே கூட்டிப்போனார். “உள்ளே ஒருத்தன் தவம் இருக்கான். தண்ணி ஏற ஏறத்தான் அவன் மனசு தெளியும். குரு வாக்கு, இழு” என்றார். இழுத்தால் தண்ணீர் இரையும். உள்ளே இருந்து “இடுப்புக்கு வந்துட்டுது” என்று ஒரு குரல் வரும். இன்னும் இழுத்தால் “நெஞ்சுக்கு வந்துட்டுது, விட்டுடுங்க சாமி” என்று அலறும். அதற்கும் மேலே இழுத்தால் குரலே வராது.

உண்மையில் தண்ணீர் பின்பக்கமாகப் போய் ஓடையில் விழுந்துகொண்டிருந்தது. உள்ளே இருந்தவன் வேடியப்பன். மடத்துக்கு வருமுன் கூத்தில் வேஷம் கட்டியவன். காய்ந்த பாறையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பொரி தின்றுகொண்டே ஒவ்வொரு தடவையும் செத்தான்.

என்னை ஏகாம்பரம் கூப்பிடவில்லை. எனக்கு வாய் நீளம், வெளியே சொல்லிவிடுவேன் என்று பயம். நியாயமான பயம்தான்.

“என்ன தெரிஞ்சுது?” என்று அம்மை கேட்டார்.

“முக்கால்வாசிப் பேர் கடைசிவரைக்கும் இழுத்துட்டாங்கம்மா! சில பேர் பாதியில விட்டாங்க. சமையல்கட்டு செண்பகம் மட்டும்தான் தொடவே இல்ல. ‘அம்மை இப்படிச் சொல்லவே மாட்டாங்க’ன்னு என் போர்வையைப் பிடிச்சு உலுக்கிட்டா.”

“வேடியப்பன் நனைஞ்சானா?”

“ஒரு சொட்டுகூடப் படல.”

“அப்ப யாருக்கும் ஒண்ணும் ஆகல.”

“ஒண்ணும் ஆகலம்மா. அதுதானே இதுல அழகு!”

“மாரப்பன் ஏன் பலாமரத்தடியில மூட்டையோட உக்காந்திருக்கான்?”

மாரப்பன் எங்களுக்கு விறகு பிளக்கிறவன். ஆள் பனைமரம், மனசு பஞ்சு. கட்டையில் கரையான் இருந்தால் தட்டித் தட்டி இறக்கிவிட்டுத்தான் அடுப்புக்குக் கொடுப்பான். அவனைப் போய்!

ஏகாம்பரம் கொஞ்சம் தயங்கினார். “அவனும் இழுத்தான். முடிஞ்சதும் எல்லாம் நாடகம்னு சொல்லி, வேடியப்பனை முன்னால நிறுத்திக் காட்டினேன். சிரிச்சான்.”

“அப்புறம்?”

“வாந்தி எடுத்தான்.”

“அப்புறம்?”

“அவன் மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கு. பார்க்கப் போக மாட்டேங்கிறான். கொலை செஞ்ச கையால பேரப்பிள்ளையைத் தூக்க மாட்டானாம். யாரும் சாகலடான்னு நானும் சொல்லிப் பார்த்துட்டேன். ‘சாகலன்னு எனக்குத் தெரியாதே, தெரியாமத்தானே இழுத்தேன்’ங்கிறான். கண்காணாத இடத்துக்குப் போறானாம்.”

அம்மை சுனைப் பக்கம் நடந்தார். ஏகாம்பரம் பின்னாலேயே போனார். மேகம் இன்னும் கலையவில்லை. முன்னே போன அம்மை கொஞ்ச நேரம் தெரிவார், கொஞ்ச நேரம் தெரிய மாட்டார். மதகடியில் தண்ணீர் தூக்கத்தில் பேசுகிறவர்கள் மாதிரி முணுமுணுத்துக்கொண்டிருந்தது. குடம் கழுவுகிற சாக்கில் நானும் அங்கே போய் உட்கார்ந்துகொண்டேன். அந்த வெள்ளையில் என்னை யாருக்குத் தெரியப்போகிறது?

“நீங்க எங்க நின்னீங்க?”

“இங்கதாம்மா.”

“மாரப்பன்?”

“இதோ, கைக்கு எட்டற தூரத்துல.”

“உள்ளே குரல் கேட்டதும் என்ன சொன்னான்?”

“‘ஐயா, வேணாங்கய்யா’ன்னான்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“‘குரு வாக்கு, இழு’ன்னேன்.”

“அப்புறம்?”

“அழுதான். ‘தலை சுத்துது, என்னை விட்டுடுங்கய்யா’ன்னான்.”

“நீங்க?”

“‘குரு வாக்கு, இழு’ன்னேன். எல்லார்கிட்டயும் ஒரே வார்த்தைதான் சொல்லணும்மா. ஆளுக்கு ஒண்ணா மாத்திச் சொன்னா சோதனை கெட்டுப்போயிடும்.”

“நிறுத்திடலாம்னு உங்களுக்குத் தோணலையா?”

“தோணுச்சு. ஆனா உண்மை தெரியணுமே? நாளைக்கு ஒரு படுபாவி இந்தப் போர்வையைப் போட்டுக்கிட்டு வந்து நின்னா நம்ம கதி என்ன? எல்லாரோட நல்லதுக்குத்தாம்மா செஞ்சேன்.”

“நல்ல காரணம்தான்” என்றார் அம்மை. குரலில் கிண்டல் இல்லை. “ஒண்ணு மட்டும் சொல்லுங்க. உள்ளே இருந்து விட்டுடுங்கன்னு கேட்டது நடிப்பு. வெளியே நின்னு விட்டுடுங்கன்னு கேட்டது?”

ஏகாம்பரம் சங்கிலியைத் திரும்பிப் பார்த்தார். மேகம் அவர்கள் இருவருக்கும் நடுவில் புகுந்து போயிற்று. அந்த மேகத்துக்குள் மாரப்பன் முகம் தெரிந்ததாம் அவருக்கு. கண்ணீரோடு, சங்கிலியைப் பிடித்துக்கொண்டு, அவரையே பார்க்கிற முகம். பின்னால் ஒருநாள் அவரே என்னிடம் சொன்னார். சோதனை செய்த அன்றைக்கு அந்த முகத்தை எத்தனை உன்னிப்பாகப் பார்த்தேன் தெரியுமா என்று சொல்லி அழுதார்.

“நான் இறங்கி வர்ற வழியில அவன் சொன்னதை எல்லாம் கேட்டு, அவன் கால்ல விழுந்துட்டுத்தான் வர்றேன்” என்றார் அம்மை.

“ஐயோ! நீங்களா? நீங்க என்னம்மா செஞ்சீங்க?”

“போர்வை என்னோடது. ஏன்னு கேக்கக் கூடாதுன்னு நாலு பேர் பழகிட்டாங்க. எனக்கும் அது சௌகரியமா இருந்துது.”

“எந்திரிச்சானா அவன்? சமாதானம் ஆனானா?”

“இல்ல. மூட்டையை இன்னும் இறுக்கிக் கட்டினான்.”

ஏகாம்பரம் ஈரப் பாறையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அரண்மனையில் நூறு பேருக்குத் தீர்ப்புச் சொன்ன மனிதர், குழந்தை மாதிரி கேவினார். பார்க்கச் சகிக்கவில்லை.

“தப்புப் பண்ணிட்டேம்மா. இப்ப நான் என்ன செய்யணும்? நீங்களே சொல்லுங்க. நீங்க எதைச் சொன்னாலும் ஒரு வார்த்தை எதிர்த்துக் கேக்காம செய்றேன்.”

வடிவம்மை அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“சங்கிலியைத் தொடறதுக்கு முன்னால மாரப்பனும் இதைத்தான் சொன்னானாம்.”

ஏகாம்பரம் அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. முட்டியில் கையூன்றி எழுந்தார். அம்மையைத் திரும்பிப் பார்க்காமல், மேகத்துக்குள் பலாமரம் இருந்த பக்கம் நடந்தார். போகும்படி யாரும் சொல்லவில்லை.