புங்கங்கிளை

ஒரு பிற்பகலில், மலையிறங்கும் சாலையின் வளைவொன்றில் காரும் பைக்கும் மோதிக்கொண்டன. பைக்கின் பின்னால் உட்கார்ந்து வந்த தமயந்தி சாலை நடுவே விழுந்தாள். அவளால் காலை அசைக்க முடியவில்லை. மேலிருந்து வரும் வண்டிகளுக்கு, வளைவு திரும்பும்வரை அவள் கண்ணில் படமாட்டாள்.

முதலில் வாய் திறந்தது கார்தான். "கண்ணு தெரியலையா? என் மூஞ்சியைப் பாரு."

"என் பக்கம் ஏறி வந்தது நீ," என்றது கவிழ்ந்து கிடந்த பைக். "பெரிய வண்டின்னா ரோட்டை எழுதி வாங்கிட்டியா?"

"ஹாரன் அடிச்சேனே!"

"ஊரே அடிக்குது. அதுல உன்னுது எதுன்னு நான் கண்டேனா?"

டிக்கிக்குள்ளிருந்து சன்னமாக ஒரு குரல் வந்தது. இன்னும் பிளாஸ்டிக் உறை பிரிக்காத சிவப்பு எச்சரிக்கை முக்கோணம். "அண்ணே, சண்டையை அப்புறம் வெச்சுக்கலாம். என்னை எடுத்து வளைவுக்கு மேலே நிறுத்தச் சொல்லுங்க. நான் வந்ததே அதுக்குத்தானே?"

"சும்மா கிட. முதல்ல நியாயம் தெரியணும்."

"நாங்களாவது மின்னட்டுமா?" என்று கேட்டன நான்கு இண்டிகேட்டர்களும்.

"மின்னினா தப்பு நம்ம மேலன்னு ஆயிடும்," என்றது கார்.

வண்டிகள் பேசியதையேதான் மனிதர்களும் பேசிக்கொண்டிருந்தார்கள். காரை ஓட்டி வந்த குணசேகர் பையிலிருந்து போனை எடுத்தார். "நூத்தெட்டைக் கூப்பிடட்டுமா?" என்று போன் விழித்துக்கொண்டது. அவர் அதன் கண்ணைப் பம்பர் பக்கம் திருப்பினார்.

"இங்க ஒருத்தி விழுந்து கிடக்கிறா, நீ போட்டோ பிடிக்கிறியா?" என்று கத்தினார் பைக் ஓட்டி வந்த பெரியநாயகம், தமயந்தியின் கணவர். கத்திவிட்டு அவளிடம் போகவில்லை. சாலையோரப் புங்க மரத்திடம் போய் ஒரு கிளையை ஒடித்தார்.

மரத்துக்கு வலித்தது. கிளைக்கோ பெருமையாக இருந்தது. பழுதாகி நின்ற வண்டிகளுக்குப் பின்னால் தன் சொந்தங்கள் சாலையில் படுத்திருந்ததை அது பார்த்திருக்கிறது. அந்த இலைகளைக் கண்டதும் எவ்வளவு பெரிய லாரியும் வேகத்தைக் குறைக்கும்.

"என்னை வளைவுல போடப்போறாரு," என்றது.

"போயிட்டு வா," என்றது மரம்.

ஆனால் கிளை உயர்ந்தது குணசேகரின் தலைக்கு மேல். முதல் அடி தோளில் விழுந்தது.

"ஐயா, இங்க இல்ல, அந்தப் பக்கம்!" என்று அலறியது கிளை.

"யார் மேலடா தப்பு? சொல்லுடா!" என்று கேட்டுக்கொண்டே பெரியநாயகம் மறுபடி ஓங்கினார். குணசேகர் வளைவைத் தாண்டி மேட்டில் ஓடினார். இவர் துரத்தினார்.

மேலே ஒரு லாரி கியர் மாற்றுவது கேட்டது.

"என்னங்க," என்றாள் தமயந்தி. குரல் எழும்பவில்லை. "லாரி வருதுங்க."

அவர் காதில் விழவில்லை. ஓடுகிறவர்மீது கிளையை வீசினார். கிளை தன் இலைகளையெல்லாம் விரித்துக் காற்றைப் பிடித்துக்கொண்டது. குறி தப்பி, வளைவுக்கு மேலே நடுச்சாலையில் போய் விழுந்தது.

லாரி இலைகளைக் கண்டது. உடம்பெல்லாம் கிறீச்சிட, கிளையை நசுக்கிக்கொண்டு வளைவில் இறங்கி, தமயந்திக்குக் கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. ஓட்டுநர் குதித்து இறங்கினார்.

"எங்கம்மா அடி? அசையாதீங்க." மேட்டிலிருந்து இறங்கி வந்தவர்களைப் பார்த்து, "போனைக் கையில வெச்சுக்கிட்டு என்ன சார் வேடிக்கை? ஆம்புலன்சைக் கூப்பிடுங்க," என்றார்.

பிறகு, மண்டியிட்டு மனைவியின் கையைப் பிடித்துக்கொண்ட பெரியநாயகத்திடம் சொன்னார்: "நல்லவேளைண்ணே, கிளையை ஒடிச்சுப் போட்டு வெச்சீங்க. இல்லேன்னா ஏத்தியிருப்பேன்."

பெரியநாயகம் தலையைத் தூக்கவில்லை.

"ஆமாங்க," என்றாள் தமயந்தி, கண்ணை மூடிக்கொண்டு. "இவருதான் போட்டாரு."