கெண்டை மீனும் வடக்குச் சுவரும்

ஆவிரங்கோட்டை ராஜா திருமேனிராயருக்குத் தொப்பையும் பெரிசு, அவசரமும் பெரிசு. அவர் ஒரு பள்ளிக்கூடம் கட்டச் சொன்னார். பெரிய கொத்தனார் மாறாண்டி கட்டினார். பாவம், அவர் ஆயுசுக்கும் கட்டியதெல்லாம் நெற்களஞ்சியம்தான். அதே கையோடு இதையும் கட்டிவிட்டார். நாலு பக்கமும் கெட்டிச் சுவர், ஒரே ஒரு வாசல். எலி நுழைய முடியாது. வெளிச்சமும்தான்.

பிள்ளைகள் படிக்கிற அழகைப் பார்க்க ராஜா வந்தார். வாசலிலேயே நின்றுகொண்டார். வந்துகொண்டிருந்த கொஞ்ச வெளிச்சத்தையும் தொப்பை மறைத்துவிட்டது. ஒரு பிள்ளைக்கும் ஓலையில் எழுத்து தெரியவில்லை. ஒருத்தி ஓலையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு முழித்தாள்.

"ஒரு எழுத்துகூடத் தெரியலையே. வாத்தியார் நாளையோட மூட்டையைக் கட்டட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார் ராஜா.

வாத்தியார் சடையப்பர் அரண்மனை விகடக்காரி அஞ்சுகத்திடம் ஓடினார். அரசவையில் ராஜாவையே கிண்டல் செய்கிற வாய் அவளுக்குத்தான் உண்டு.

"அம்மா, உள்ளே இருட்டுன்னு சொன்னா, 'நான் கட்டினதையா குறை சொல்றே?'ன்னு ராஜா என் தலையை வாங்கிடுவார்."

"நீங்க வாயைத் திறக்காதீங்க. அவரே திறப்பார்."

மறுநாள் உச்சிப்பொழுது. பள்ளிக்கூடத்துக்குள்ளேயே, கடைசி மூலையில், ராஜாவுக்கும் கொத்தனாருக்கும் இலை போட்டாள் அஞ்சுகம். கெண்டை மீன் குழம்பு. ராஜாவுக்கு அது உயிர்.

ராஜா ஒரு துண்டைப் பிட்டார். தடவினார். மறுபடியும் தடவினார்.

"என்ன மகாராஜா, ருசியா இல்லையா?"

"முள் எது, மீன் எதுன்னே தெரியலை. விளக்கைக் கொண்டா."

"பட்டப்பகல்ல விளக்கா? ஐம்பது வருஷமா மீன் சாப்பிடுறீங்க, இன்னும் முள் பார்க்கத் தெரியலையா? அப்போ வாத்தியார்கூட நீங்களும் மூட்டையைக் கட்டுங்க."

ராஜாவின் கை இலையிலேயே நின்றது. மெல்லத் திரும்பினார்.

"மாறாண்டி, இது பள்ளிக்கூடமா, களஞ்சியமா?"

"ஜன்னல் வச்சா பிள்ளைங்க வேடிக்கை பார்க்கும் மகாராஜா. வெயில் வேற மூஞ்சியில அடிக்கும்."

"வடக்குச் சுவர்ல திறங்க. வெளிச்சம் வரும், வெயில் வராது" என்றாள் அஞ்சுகம். "உட்கார்ந்த பிள்ளையோட தலைக்கு மேலே ஆரம்பிங்க. வேடிக்கைக்கு வானம்தான் கிடைக்கும். உள்ளே வெள்ளையடிங்க, மூலையெல்லாம் பளிச்சுன்னு இருக்கும்."

"எவ்வளவு பெரிசாத் திறக்கிறதாம்?" என்று முறுக்கிக்கொண்டார் கொத்தனார்.

"அளவுகோலே வேண்டாம் அண்ணே. தினமும் மத்தியானம் இந்தக் கடைசி மூலையில உட்கார்ந்து கெண்டை மீன் சாப்பிடுங்க. முள் கண்ணுக்குத் தெரியற வரைக்கும் சுவரை இடிங்க."

ராஜா தொப்பை குலுங்கச் சிரித்தார். வாத்தியாருக்கு வேலை நிலைத்தது. அஞ்சுகத்துக்குப் பட்டுப்புடவை கிடைத்தது.

"நல்ல காரியத்தைத் தள்ளிப்போடுவானேன்? இப்பவே ஆரம்பி" என்று தன் இலையையும் கொத்தனார் பக்கம் தள்ளினார் ராஜா.

முதல் வாயிலேயே முள் கொத்தனார் தொண்டையில் மாட்டியது. பொழுது சாய்வதற்குள் வடக்குச் சுவரில் பாதியைக் காணோம்.