நாரைகளின் வேலை

கொன்றைப்பட்டணத்து அரசர் பூவணராயருக்கு ஒருநாள் நாரைகள் மேல் கோபம் வந்தது. கொடியில் நாரை, மோதிரத்தில் நாரை, சிம்மாசனத்தின் கைப்பிடியிலும் நாரை. ஊரில்தான் ஒன்றுகூட இல்லை. இளவரசருக்குப் பெண் கொடுக்க இருந்த பக்கத்து நாட்டு அரசரோ, வரும்போது அந்த நாரைகளைக் கண்ணாரப் பார்க்கவேண்டும் என்று தூதனிடம் சொல்லியனுப்பிவிட்டார்.

நாரைகள் போன காரணம் ஊருக்கே தெரியும். மேற்கே கோரையும் அல்லியும் தவளையும் மீனுமாக ஒரு பெரிய சதுப்பு இருந்தது. சேறு நாறுகிறது என்று, அதற்கு வந்த ஓடையை மறித்து, மண்ணைக் கொட்டி, குதிரை மைதானம் ஆக்கிவிட்டார்கள். அதன்பிறகு அரண்மனைக் கிணற்றில் கயிறு எட்டவில்லை. வயலில் வெட்டுக்கிளி பெருகியது. இதை அரசரிடம் சொல்லத்தான் ஆளில்லை. மைதானத்துக்கு உத்தரவு போட்டவரே அவர்தானே.

"நாரைகளை விரட்டியவன் யார் என்று நாளைக்குள் எனக்குத் தெரியவேண்டும். அவை திரும்பி வரும்வரை அவற்றின் வேலையை அவனே செய்யட்டும்" என்றார் அரசர்.

கண்டுபிடிக்கும் பொறுப்பை விகடகவி அம்பலவாணரிடம் விடலாம் என்று பணிவாக எடுத்துக்கொடுத்தார் மந்திரி திருமேனியார். அம்பலவாணரைக் கண்டால் அவருக்கு ஆகாது.

அன்று அம்பலவாணருக்குச் சோறு இறங்கவில்லை. அரசர் பேரைச் சொன்னால் தலை போகும். சொல்லாவிட்டால் உத்தியோகம் போகும். இரண்டும் போகாத ஒரு பேர் வேண்டும். பேர் கிடைத்துவிட்டது, ஆனால் அதைத் தன் வாயால் சொன்னால் எடுபடாது.

மறுநாள் அவையில் அவர் நாரைப் பேச்சையே எடுக்கவில்லை. மைதானத்தைப் புகழ ஆரம்பித்தார். அதன் அழகென்ன, அகலமென்ன, நாறும் சேற்றில் இப்படி ஒன்றைக் கற்பனை செய்த அரசரின் மூளைதான் என்ன என்று அடுக்கிக்கொண்டே போனார். மந்திரியால் பொறுக்க முடியவில்லை.

"அந்த யோசனை என்னுடையது. ஓடையை எங்கே மறிப்பதென்று காட்டியவனும் நான்தான். அரசர் முதலில் வேண்டாமென்றுதான் சொன்னார்."

அம்பலவாணர் அரசர் பக்கம் திரும்பிக் கைகூப்பினார்.

"ஆள் கிடைத்துவிட்டார், அரசே."

அரசருக்கு முகம் மலர்ந்தது. நம் தலையில் இருக்கிற குற்றம் இன்னொருவர் தலைக்கு மாறினால் யாருக்குத்தான் மலராது? நாரைக்கு அப்படி என்ன வேலை என்று மந்திரி முணுமுணுத்தார். விடிந்ததும் வயலில் இறங்கி வெட்டுக்கிளி பிடிப்பது, வரப்பைத் துளைக்கும் நண்டைப் பிடிப்பது என்று அம்பலவாணர் விளக்கினார். தின்னவேண்டும் என்று உத்தரவில் இல்லை, பிடித்தால் போதும் என்றும் ஆறுதல் சொன்னார்.

பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மந்திரி சேற்றில் நின்றார். உழவர்கள் வந்து, இந்தப் பக்கமும் நிறைய இருக்கிறது ஐயா என்று மரியாதையாகக் காட்டிக்கொடுத்தார்கள். நண்டு அந்த மரியாதையைக் காட்டவில்லை. கொஞ்ச நாளில் அவரே கடப்பாரையோடு போய் ஓடையின் மறிப்பை உடைத்தார். மைதானத்து மண்ணை வாரச்சொல்லி ஆட்களையும் விரட்டினார்.

நாரை வரட்டும் என்று இளவரசரின் கல்யாணத்தை அரசர் அடுத்த தைக்குத் தள்ளிவைத்தார். மழை வந்தது. தண்ணீர் தேங்கியது. கோரை முளைத்து, தவளை கத்தி, மீன் துள்ளியபிறகு ஒருநாள் வானம் வெளுக்கும்போது நாரைகள் வந்து இறங்கின. அதற்குள் கிணறும் ஊறியிருந்தது.

தையில் சம்பந்தியோடு அரசர் கரையில் நின்றார். பின்னால் அவையினர் கைகட்டி நின்றார்கள். அரசர் அம்பலவாணரிடம் பெருமையாகக் கேட்டார்.

"கொடியில் இடம் கொடுத்த அரசனைப் பார்க்கத்தானே இவ்வளவு தூரம் வந்திருக்கின்றன?"

"அவை சேற்றைப் பார்த்து வந்தவை, அரசே. தங்களைப் பார்த்து வந்த நாரைகள் அரசவையில் இருக்கின்றன."

அரசர் ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்தார். பிறகு அவர் சிரித்த சிரிப்பில் சதுப்பிலிருந்த நாரைகள் எல்லாம் எழுந்து பறந்தன. பின்னால் நின்றவர்களில் ஒருவர்கூட நகரவில்லை.