பூதத்துக்குச் சோறு ஊட்டியவர்

மலைகளெல்லாம் நடந்து நடந்து களைத்து, அப்போதுதான் ஆளுக்கோர் இடம் பிடித்து உட்கார்ந்திருந்த காலம். அந்தக் காலத்தில் வேங்கைநாட்டை மாறகண்டன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். நல்லவன்தான். ஆனால் விடியலில் எழுந்திருக்கச் சொன்னால் மட்டும் அவனுக்கு அழுகை வந்துவிடும்.

அவன் சபையில் செப்புக் குடத்துக்குள் ஒரு பூதம் இருந்தது. நடக்கப்போவதைச் சொல்லும், பொய் சொல்ல அதற்குத் தெரியாது. ராஜாவே விடியலில் குளித்து, தன் கையால் ஓர் உருண்டை சோறு ஊட்டிவிட்டுத்தான் வாக்குக் கேட்க வேண்டும் என்பது பழைய வழக்கம். மாறகண்டனோ, "யார் ஊட்டினால் என்ன, பூதத்துக்கு வயிறு நிறைந்தால் சரி" என்று அந்த வேலையைக் கோளரிராயர் தலையில் கட்டினான்.

கோளரிராயர் யார்? சிம்மாசனத்துக்குப் பக்கத்து இருக்கைக்காரர். அடுத்தவர் தன்னைவிட ஒரு விரற்கடை உயரமாக உட்கார்ந்தாலும் அவருக்கு வயிறு எரியும். அதனால் தன் நாற்காலிக் கால்களுக்குக் கீழே பலகைமேல் பலகை அடுக்கி, சிம்மாசன உயரத்துக்கு ஏற்றி வைத்திருந்தார். ஊட்டுகிற கைக்குப் பூதம் அடங்கும் என்று நினைத்து, தன் வீட்டுச் சோற்றில் நெய்யை ஊற்றி ஊற்றி ஊட்டினார்.

பூதமும் தினம் ஒரே வாக்கைத்தான் சொன்னது: "உன் இருக்கை சரியும். நீ ஒளித்ததெல்லாம் வெளியே வரும். நீ விழும்போது சபையே சிரிக்கும்."

பக்கத்தில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த ராஜா, தன் சிம்மாசனத்தைத்தான் சொல்கிறது என்று ஆடிப்போனான். மூன்றே மாதத்தில் பாதி ஆளாக இளைத்தான். சேனாதிபதி, "இனி எதற்கு இது? பூசணிக்காய் வெட்டவாவது உதவட்டும்" என்று வாளைச் சமையலறைக்குக் கொடுத்துவிட்டார். ராஜகுரு, "நாடே போகப்போகிறது, அழுக்குப் போனால் என்ன, இருந்தால் என்ன?" என்று குளிப்பதையே நிறுத்தினார். அவர் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்கு நிஜமாகவே வாழ்க்கை வெறுத்தது.

ராயர் மட்டும் நன்றாகச் சாப்பிட்டார். "அழியப்போகிற நாட்டுக்குத் தண்ணீர் எதற்கு மகாராஜா?" என்று ராஜ மோதிரத்தையும் ஏரி மதகின் சாவியையும் வாங்கிக்கொண்டார். தன் வயலுக்கு மட்டும் மடை திறந்தார். வெள்ளிக்கிழமை ராஜா கிரீடத்தையும் அவரிடம் கொடுத்துவிட்டுக் காட்டுக்குப் போவதாக முடிவாயிற்று.

அரண்மனைச் சமையல்காரி வேம்படியாளின் ஊர், அந்த ஏரித் தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேரும் கடைமடையில் இருந்தது. அங்கே தண்ணீரில்லாமல் நாற்றெல்லாம் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. கிரீடமும் ராயரிடம் போனால் மதகு இனித் திறக்காது என்று அவள் கலங்கினாள்.

புதன்கிழமை ராயருக்குப் பல்வலி. அன்று வேம்படியாளே சோறு ஊட்டினாள். பூதம் சொன்னது: "இன்று உன் மோர்ப்பானை உடையும். கறுப்பு ஆடு உன் சேலையை மெல்லும்."

"ஐயோ! மோர்ப்பானை என்றால் என் தலைநகரம்! கறுப்பு ஆடு என்றால் எதிரிப்படை!" என்று ராஜா அலறினான். "ஆமாம், ஆமாம்" என்று குரு தலையைச் சொறிந்தார்.

மத்தியானம் வேம்படியாளின் மோர்ப்பானை உடைந்தது. சாயங்காலம் ஒரு கறுப்பு ஆடு அவள் முந்தானையில் பாதியைத் தின்றது. அவளோ ஆட்டை விரட்டாமல், இடுப்பில் கைவைத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

வெள்ளிக்கிழமை ராஜா கிரீடத்தைக் கழற்றும் நேரத்தில் அவள் சபைக்குள் வந்தாள்.

"அடுப்படிக்காரிக்கு இங்கே என்ன வேலை?" என்று சீறினார் ராயர்.

"ஒரே ஒரு சந்தேகம், சாமி. கண்டவர்கள் கைபட்டதால்தான் பூதம் உளறுகிறதோ?"

ராயருக்கு ரோஷம் வந்துவிட்டது. "கண்டவர்களா? பல்வலி வந்த ஒரு நாள் தவிர, மூன்று மாதமும் ஊட்டியது இந்தக் கைதான்! ராஜ மோதிரத்தின்மேல் சத்தியம்!"

"எல்லாரும் கேட்டுக்கொண்டீர்களா?" என்றாள் வேம்படியாள். "சேனாதிபதி ஐயா, நீங்கள் ஓர் உருண்டை ஊட்டுங்கள்."

அவர் ஊட்டினார். பூதம் மென்றுகொண்டே சொன்னது: "இன்று மாலை உன் மாமியார் பெட்டி படுக்கையோடு வருவாள். ஆறு மாதம் இருப்பாள்."

"வாளைத் திருப்பிக் கொடுங்கள், நான் போர்முனைக்கே போகிறேன்!" என்று பதறினார் சேனாதிபதி. மூன்று மாதத்துக்குப் பிறகு அந்தச் சபையில் முதன்முதலாகச் சிரிப்புக் கேட்டது.

வேம்படியாள் கிழிந்த முந்தானையை விரித்துக் காட்டினாள். "மகாராஜா, புதன்கிழமை ஊட்டியவள் நான். உடைந்தது என் பானை, போனது என் சேலை. பூதம் யார் கைச்சோற்றைத் தின்கிறதோ, அவர் கதையைத்தான் சொல்கிறது."

ராஜா மெல்லத் திரும்பி ராயரைப் பார்த்தான். சபையே பார்த்தது.

"பொய்! புளுகு!" என்று ராயர் எழுந்து, கோபத்தோடு திரும்பத் தொப்பென்று உட்கார்ந்தார். பலகைகள் சறுக்கின. நாற்காலி ஒரு பக்கம், ராயர் ஒரு பக்கம், தலைப்பாகை குருவின் மடியில். இடுப்பில் திருடி ஒளித்திருந்த அரண்மனைக் களஞ்சியச் சாவிகளும் மதகுச் சாவியும் கலகலவென்று கொட்டின. சபை கண்ணில் நீர் வரச் சிரித்தது. ராஜாதான் எல்லாரையும்விட உரக்கச் சிரித்தான்.

"அடப்பாவி! மூன்று மாதமாக உன் தலைவிதிக்கா நான் அழுதுகொண்டிருந்தேன்?"

உடனே கையைக் கழுவி, தானே ஓர் உருண்டை பிசைந்து ஊட்டினான். பூதம் நெடுநேரம் மென்றது. "நாளைக் காலை உன் கால் சேறாகும். பிறகு நன்றாகத் தூங்குவாய்."

"அவ்வளவுதானா? என் ராஜ்யம்?"

"நாளைக்கும் ஊட்டு, சொல்கிறேன்."

மறுநாள் விடியலில் ராஜாவே முழங்கால் சேற்றில் நின்று மதகைத் திறந்தான். கடைமடை வரைக்கும் தண்ணீர் ஓடியது. ராயர் கையைவிட்டு ராஜ மோதிரம் போனது. நடவு முடியும்வரை வயல்காரர்களுக்கு மோர் ஊற்றும் வேலை அவருக்கு வந்தது. சரிந்த இருக்கையை ராஜா வேம்படியாளுக்குக் கொடுத்தான்.

"பலகையெல்லாம் வேண்டாம் மகாராஜா, என் கால் தரையில் பட்டால் போதும். முதலில் ஒரு சேலை கொடுங்கள்" என்றாள் அவள்.

அன்றுமுதல் ராஜா விடியலில் எழுந்தான், குரு குளித்தார், வேங்கைநாடு விளைந்தது. பூதத்துக்கு மட்டும் கொஞ்சம் வருத்தம்: ராஜா பிசைகிற சோற்றில் நெய் கம்மி.