அம்பேல் அங்கிள்

"டீச்சர், பிள்ளைங்களை எப்படி அடக்கறது?" என்று முனிரத்தினம் கேட்டான்.

ஜெயசீலி டீச்சர் தன் செருப்பைக் கழற்றி அவன் கையில் கொடுத்தார்.

அவன் செருப்பைப் பார்த்தான். பிள்ளைகளைப் பார்த்தான்.

"இதால அடிக்கச் சொல்றீங்களா?"

"போட்டுட்டு ஓட முடியல. பத்திரமா வெச்சுக்கோ."

வெறுங்காலோடு ஆட்டத்துக்குள் ஓடிப்போனார்.

*

நகரம் முடிகிற இடத்தில் நாலு மாடிக் கட்டடங்கள் வரிசையாக நிற்கும் குடியிருப்பு அது. கடைசிக் கட்டடத்துக்குப் பின்னால் சுற்றுச்சுவரும் கேட்டும் போட்ட ஒரு காலிமனை.

மே மாசம் முழுக்க, வெயில் தாழ்ந்ததும், டீச்சர் அங்கே பிள்ளைகளை விளையாட வைப்பார். கட்டணம் கிடையாது. பனியன் கிடையாது. கடைசி நாளில் கோப்பையும் கிடையாது.

முன்பு அவர் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். வாரம் தவறாமல் கணக்கு வாத்தியார் வந்து பி.டி. பீரியடைக் கடன் கேட்பார். ஒரு நாள் டீச்சர் தரமாட்டேன் என்றார்.

அதோடு அந்த வேலை முடிந்தது.

*

முனிரத்தினம் அந்தக் குடியிருப்பில் வீடு வீடாகத் தண்ணீர் கேன் போடுகிறவன். காலி கேன்களை அடுக்கிவைக்க மனையின் மூலையில் அவனுக்கு ஒரு தகரக் கொட்டகை விட்டிருந்தார்கள். அதனால் கேட் சாவி அவன் அரைஞாணில் தொங்கியது.

போன மே மாசம் டீச்சர் காய்ச்சலில் படுத்துவிட்டார். விளையாட்டு நின்றது.

நாலாவது மாடிக்குக் கேன் தூக்கிப்போனவன், மேலே சிரிப்புச் சத்தம் கேட்டு மொட்டை மாடியை எட்டிப் பார்த்தான். கைப்பிடிச் சுவர்மேல் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வெளிப்பக்கம் காலைத் தொங்கவிட்டு ஆட்டிக்கொண்டிருந்தார்கள்.

அவன் அதட்டவில்லை. அதட்டினால் திரும்புவார்கள். திரும்பினால் விழுவார்கள்.

அவர்களாக இறங்கும்வரை நின்றான். கீழே வந்த பிறகுதான் தெரிந்தது, கேன் இன்னும் தோளிலேயே இருந்தது.

இந்த வருஷம் டீச்சரிடம் வந்து, "எனக்கும் இதை நடத்தக் கத்துக்குடுங்க" என்றான்.

*

மறுநாள் ஒரு விசில் வாங்கிவந்தான். சிவப்புக் கயிறு போட்ட விசில்.

"இது இருந்தாத்தான் டீச்சர் மதிப்பாங்க."

டீச்சர் அதை வாங்கி, கூட்டத்திலேயே சின்னவளான நிலோபர் கழுத்தில் மாட்டினார்.

நிலோபர் ஊதினாள். ஊதினாள். நின்றபடி ஊதினாள், உட்கார்ந்து ஊதினாள். பிள்ளைகள் முதலில் திரும்பிப் பார்த்தார்கள். அப்புறம் பார்க்கவில்லை. பொழுது சாய்ந்தபோது விசில் வாயிலிருக்க, கொட்டகை நிழலில் தூங்கிப்போயிருந்தாள்.

"விசில் வேணுமா?" என்று டீச்சர் கேட்டார்.

"குழந்தை தூங்குது டீச்சர். இருக்கட்டும்."

*

ஒரு அம்மா வந்தாள்.

"பக்கத்து நகர்ல அபாகஸ் சொல்லித் தர்றாங்க. கீபோர்டு சொல்லித் தர்றாங்க. இங்க என்னதான் சொல்லித் தர்றீங்க?"

முனிரத்தினம் பதில் தேடினான். உடற்பயிற்சி, ஒற்றுமை என்று ஏதோ தொண்டைவரை வந்தது.

டீச்சர் அவள் மகனைக் கூப்பிட்டார். "அம்மா கேக்கறாங்க பாரு. என்ன கத்துக்கிட்ட?"

பையன் யோசித்தான். அரைக்கால்சட்டையை மேலே இழுத்து முட்டியைக் காட்டினான். ஆறிக்கொண்டிருந்த காயம்.

"ஐயோ, எப்படா விழுந்த?"

"எந்த தடவைம்மா?"

கேட்டுவிட்டு ஓடிவிட்டான்.

*

அவர்கள் அதிகம் ஆடியது ஓடிப்பிடிக்கிற ஆட்டம். ஒருவர் துரத்துவார். தொட்டால் அவுட். அவுட் ஆனவர் அடுத்துத் துரத்த வேண்டும்.

மூச்சு முட்டினால் கட்டைவிரலை உயர்த்தி "அம்பேல்" என்று சொல்லலாம். சொன்னவரை யாரும் தொடக் கூடாது. விரலை இறக்கும்வரை அவர் ஆட்டத்தில் இல்லை.

முனிரத்தினமும் ஆடினான். ஆனால் யாராவது பக்கத்தில் வந்தாலே அவன் விரல் தானாக மேலே போய்விடும்.

"அம்பேல்!"

ஜோஷிகா என்று ஒரு பெண். ஆறாம் வகுப்பு முடித்தவள், வாய் மட்டும் காலேஜ் முடித்தது. கொட்டகைச் சுவரோரம் அவனை மடக்கிவிட்டு, அம்பேலைக் கேட்டு இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"இன்னா அங்கிள் நீ? நாலு மாடி கேன் தூக்கினு ஏறுற. இங்க மட்டும் மூச்சு வாங்குதா?"

"கேன் என்னைத் துரத்தாதும்மா."

"நீ கேன் அங்கிள் இல்ல. அம்பேல் அங்கிள்."

பேர் ஒட்டிக்கொண்டது. மாடியிலிருந்து கேன் கேட்கிறவர்களே அப்படிக் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

அவனுக்கு உறுத்தியது. டீச்சரிடம் கேட்டான்.

"அம்பேல் சொல்றது தப்பா டீச்சர்?"

"தப்பே இல்ல. ஒண்ணுக்கு வந்தா சொல்லணும். முள்ளு குத்தினா சொல்லணும்."

"பயமா இருந்தா?"

டீச்சர் அவன் கையைப் பார்த்தார். ஆட்டம் முடிந்து வெகுநேரம் ஆகியிருந்தது. கட்டைவிரல் இன்னும் மேலேயே நின்றது.

"வலிக்கலையா?" என்று கேட்டார்.

*

குடியிருப்புச் சங்கச் செயலாளர் தனசேகரன் வந்தார். செருப்பில் மண் படாமல் நடந்து வந்தார்.

"யாரு இதை நடத்தறது?"

டீச்சர் கை தூக்கினார். ஜோஷிகாவும் தூக்கினாள். அவளைப் பார்த்து எல்லாப் பிள்ளைகளும் தூக்கினார்கள். நிலோபர் இரண்டு கையையும் தூக்கினாள்.

செயலாளர் முனிரத்தினத்தைப் பார்த்தார்.

"நீயும் இதுல இருக்கியா?"

"நான் சும்மா நிக்கறேன் சார். கேன் எடுக்க வந்தேன்."

பிள்ளைகள் பக்கமிருந்து ஒரு குரல் மெல்ல வந்தது. "அம்பேல்."

சிரிப்பு எழுந்து அடங்கியது.

"இங்க கார் நிறுத்தப் போறோம். கமிட்டில முடிவாயிடுச்சு. திங்கக்கிழமை கேட்டைப் பூட்டிடு முனிரத்தினம். யார் கேட்டாலும் திறக்காத. கேன் வண்டி உள்ள வர்றதுக்குப் பர்மிஷன் கொடுத்ததும் நாங்கதான். ஞாபகம் இருக்கட்டும்."

"சரிங்க சார்."

*

"இப்ப என்ன டீச்சர் பண்றது?"

"சாயங்காலம் ஆனா விளையாடறது."

"மனு கொடுத்துப் பார்க்கலாமா?"

"போன வருஷமே கொடுத்தேன். பரிசீலனைல இருக்கு."

"கேட்டைப் பூட்டணுமாமே."

"யார்கிட்ட சொன்னாரு?"

"என்கிட்ட."

"அப்ப அது உன்கிட்ட சொன்னது."

முனிரத்தினத்துக்குக் கோபம் வந்தது.

"உங்களுக்கென்ன, சுலபமா சொல்லிட்டீங்க. எனக்கு இருக்கற அத்தனை வாடிக்கையும் இந்த நாலு கட்டடம்தான். வண்டியை வாசல்ல நிறுத்திட்டா வீட்ல எல்லாரும் என் மூஞ்சைத்தான் பாப்பாங்க."

"தெரியும்."

"தெரிஞ்சும் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறீங்களே!"

டீச்சர் தரையில் உட்கார்ந்து காலைத் திருப்பினார். உள்ளங்காலில் ஒரு கருவேல முள் முழுசாக இறங்கியிருந்தது. நகத்தால் நெம்பிப் பிடுங்கி, வெளிச்சத்தில் காட்டினார்.

"எப்பக் குத்திச்சுன்னே தெரியல" என்றார்.

*

திங்கட்கிழமை மத்தியானம் முனிரத்தினம் கேட்டைப் பூட்டினான். பூட்டை இழுத்துப் பார்த்தான். நன்றாகத்தான் பூட்டியிருந்தது.

சாயங்காலம் டீச்சர் வந்தார். பூட்டைப் பார்த்தார். சாவி கேட்பார் என்று முனிரத்தினம் வண்டிக்குப் பின்னால் காத்திருந்தான். கேட்டிருந்தால், தர முடியாது என்று சொல்ல நாலு காரணம் வைத்திருந்தான்.

டீச்சர் கேட்கவில்லை.

அவன் ஒரு கேனைத் தோளில் ஏற்றிக்கொண்டு படி ஏறினான். மூன்றாவது மாடி தாண்டும்போது கேட்டது.

மொட்டை மாடியில் சிரிப்பு.

அவன் படியிலேயே நின்றான். இன்னும் ஒரு மாடி ஏறினால் பார்க்க வேண்டியிருக்கும்.

அப்போது கீழே ரோட்டிலிருந்து ஒரு சத்தம் வந்தது. "ஓடு, ஓடு, ஓடு!"

மேலே சிரிப்பு நின்றது. தடதடவென்று காலடிகள். பிள்ளைகள் அவனை இடித்துக்கொண்டு, கேனைத் தட்டிக்கொண்டு, படியில் இறங்கி ஓடினார்கள்.

"வழி விடு அம்பேல் அங்கிள்!"

கேனோடு அவனும் திரும்பி இறங்கினான்.

*

பூட்டிய கேட்டுக்கு எதிரே, குடியிருப்பின் ஒரே தார் ரோட்டில், டீச்சர் செங்கல் துண்டால் கோடு கிழித்திருந்தார். ஜோஷிகா துரத்திக்கொண்டிருந்தாள். டீச்சர் ஓடிக்கொண்டிருந்தார்.

செயலாளரின் கார் வந்து ஹாரன் அடித்தது.

மறுபடி அடித்தது.

அவர் கதவைத் திறந்து இறங்கினார். "டீச்சர்! நடு ரோட்டுல என்ன இது?"

"உள்ள பூட்டியிருக்கு சார்."

"பூட்டச் சொன்னதே நான்தான்."

"தெரியும் சார். அதான் ரோட்டுல."

அவர் பிள்ளைகள் பக்கம் விரலை நீட்டினார். "ஒவ்வொருத்தன் வீட்டுக்கும் வருவேன். உங்கப்பன் பேரு என்னடா? உன் வீடு எந்த மாடி?"

ஒரு பையன் கட்டைவிரலை உயர்த்தினான். "அம்பேல்." பக்கத்தில் இன்னொருத்தன். "அம்பேல்." ஒவ்வொரு விரலாக மேலே போனது. நிலோபர்கூட உயர்த்திவிட்டாள். துரத்த ஆளில்லாமல் ஜோஷிகா நடுவில் நின்றாள்.

"எல்லாரும் சொல்லிட்டா யார் ஆடறது?" என்றார் டீச்சர். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

செயலாளர் முனிரத்தினத்தின் பக்கம் திரும்பினார்.

"நீ வா இங்க. அந்தச் சாவியைக் குடு. இனிமே நானே வெச்சுக்கறேன்."

கையை நீட்டினார்.

முனிரத்தினம் தோளிலிருந்த கேனை இறக்கினான். காருக்கு முன்னால், ரோட்டின் நடுவில் வைத்தான். உள்ளே தண்ணீர் ஆடி, மெல்ல நின்றது.

அரைஞாணிலிருந்து சாவியை எடுத்தான்.

கேட்டிடம் போனான். பூட்டைத் திறந்தான். கேட்டைத் தள்ளினான். துரு பிடித்த கீல் ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தியது. சாவியை மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டு திரும்பி வந்தான்.

செயலாளரின் கை நீட்டியபடியே இருந்தது.

"சாவியைக் கேட்டா கேட்டைத் திறக்கறியா? நாளையிலேர்ந்து உன் வண்டி இந்த வாசலைத் தாண்டாது. புரியுதா?"

"நாளைக்குத்தானே சார்."

"என்னடா சொன்ன?"

முனிரத்தினம் குனிந்தான். தன் செருப்பு இரண்டையும் கழற்றினான். நீட்டியிருந்த கையில் வைத்தான்.

"பத்திரமா வெச்சுக்கோங்க சார். போட்டுட்டு ஓட முடியல."

வெறுங்காலோடு உள்ளே ஓடினான்.

விரல்கள் ஒவ்வொன்றாக இறங்கின. பிள்ளைகள் அவன் பின்னால் பாய்ந்தார்கள். டீச்சரும் பாய்ந்தார். விசில் சத்தம் ஒன்று எங்கிருந்தோ வந்தது.

ஜோஷிகா யாரையும் பார்க்கவில்லை. நேராக அவனைத் துரத்தினாள். அவன் வளைந்தான், நெளிந்தான், கேன் அடுக்கைச் சுற்றினான். கடைசியில் கொட்டகைச் சுவர் முதுகில் இடித்தது.

ஒரு கை தூரத்தில் அவள் நின்றுவிட்டாள். பழக்கம்.

"ம். சொல்லு அங்கிள்."

அவன் இரண்டு கையையும் முட்டியில் ஊன்றி மூச்சு வாங்கினான்.

"சொல்லலியா?"

முனிரத்தினம் நிமிர்ந்தான்.

"தொடு" என்றான்.