ஆயிரம் கருணை, மூன்று பிறகு

மை குப்பியில் வராத காலம் அது, கேளுங்கள். சீன தேசத்தில் எழுத உட்காருகிறவர் மைக்கட்டியைக் கல்லில் தண்ணீர் விட்டு நிதானமாக உரைக்க வேண்டும். மை கறுக்கக் கறுக்க மனம் தெளியும் என்பார்கள். அப்புறம்தான் தூரிகையைத் தொடுவார்கள்.

அங்கே ஆற்றங்கரை ஊர் ஒன்றுக்குத் துவான் ஷோ என்பவர் அதிகாரி. இளவரசருக்கு நல்லொழுக்கம் கற்பிக்க, எழுதி எழுதி மனம் பழுத்த ஒருவர் வேண்டும் என்று பேரரசர் அறிவித்தார். அந்தப் பதவி தனக்காகவே உண்டானது என்று துவான் ஷோ நம்பினார். ‘கருணை’ என்ற எழுத்தை ஆயிரம் தாளில் எழுதிக் காட்டுவதென்று உட்கார்ந்தார். மனம் சீக்கிரம் தெளிய வேண்டுமே, அதற்காக மை உரைக்க மூன்று வேலைக்காரர்களை வைத்துக்கொண்டார். நிதானமாக உரைத்தவனுக்கு வசவு விழுந்தது.

முன்னூறாவது தாளில் இருந்தபோது படகோட்டி லான் யூ ஒரு மனுவோடு வந்தாள். ஆற்றங்கரையில் விரிசல் கண்டிருக்கிறது, மழைக்கு முன் அடைக்காவிட்டால் கீழ்த்தெருவில் முப்பது வீடும் போய்விடும், ஆட்களை அனுப்ப ஒரு கையொப்பம் போதும் என்றாள். துவான் ஷோவுக்கு எரிச்சலாக வந்தது. இவளால் கருணையின் கடைசிக் கோடு கோணிப்போயிற்றே. மனுவின் ஓரத்தில் ‘பிறகு’ என்று ஒரே வீச்சில் எழுதித் திருப்பிக் கொடுத்தார்.

அறுநூறாவது தாளில் அவள் மறுபடி வந்தாள். விரிசலில் இப்போது கை நுழைகிறது என்றாள். ‘பிறகு’ என்று எழுதினார்.

தொள்ளாயிரமாவது தாளில் வந்தபோது, தலையே நுழைகிறது என்றாள்.

“நான் கருணையில் மூழ்கியிருக்கிறேன், அம்மா. நீ ஆற்றைப் பற்றிப் பேசுகிறாய்” என்று சொல்லி, மூன்றாவது ‘பிறகு’வையும் எழுதினார்.

ஆயிரமும் முடிந்த அன்று அரண்மனையிலிருந்து முதிய அமைச்சர் கெங் வந்தார். மேற்கே வானம் இருட்டிக்கொண்டிருந்தது. தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, கோடெல்லாம் சரியாக இருக்கிறது, உயிரைத்தான் காணோம், வேறேதும் எழுதியதுண்டா என்று கேட்டார். நான்காம் முறையாக வாசலில் நின்றிருந்த லான் யூ தன் மனுவை நீட்டினாள்.

அமைச்சர் அதை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். “இதுதான் எழுத்து. தயக்கமில்லை, திருத்தமில்லை. மனம் அப்படியே கையில் இறங்கியிருக்கிறது. பல வருஷம் பழகினால்தான் இப்படி வரும்” என்றார்.

துவான் ஷோவுக்கு உச்சி குளிர்ந்தது. அப்படியென்றால் பதவி தனக்குத்தானே என்று பணிவாகக் கேட்டுத் தன் விண்ணப்பத்தை நீட்டினார்.

அமைச்சர் தூரிகையை எடுத்து முதலில் மனுவில் கையொப்பமிட்டார். அவசரத்தில் மை சிந்தி, கோழி கிளறியதுபோல இருந்தது. லான் யூ அதை வாங்கிக்கொண்டு ஓடினாள். மழை இறங்குவதற்குள் ஆட்கள் கரையை அடைத்துவிட்டார்கள். முப்பது வீட்டிலும் அடுப்பு எரிந்தது.

அதே தூரிகையால் அமைச்சர் விண்ணப்பத்தின் ஓரத்தில் ‘பிறகு’ என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் புறப்பட்டார். அந்த எழுத்து அவ்வளவு அழகாக வரவில்லை. அவருக்கு அதில் பழக்கம் போதாது.

நல்ல குணத்தை எத்தனை அழகாக எழுதினாலும், செய்து பழகாதவரை அது தாளில்தான் இருக்கும், மனத்தில் இராது.